பாலம்மா ஊதிய மூச்சு

லோஜினி பீடி குடிக்கிறாள் என்று மிட்வைஃப் நோனாவிடம் போட்டுக் கொடுத்தது பாலம்மாதான். வயிற்றுப் பிள்ளையின் மேல் உள்ள அக்கறையில் சொன்னாள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பச்சைப் பொறாமையில் சொன்னாள். நாலு பேர் முன்னால் நோனா லோஜினியை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க வேண்டும், அதைத் தான் ஒரு ஓரமாக நின்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அவளுடைய ஆசை.

பன்விலவில் பஸ் திரும்புகிற இடத்திலிருந்து இன்னும் ஏறிப் போனால் எங்கள் லயம், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக அறைகள். அதில் கடைசி இரண்டு காம்பராக்களில் அண்ணன் தம்பி குடும்பங்கள். அண்ணன் சந்திரகுமாருக்கு ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டுகிற வேலை. அவன் மனைவி பாலம்மா மலையில் கொழுந்தெடுக்கிறாள். தம்பி இளங்கோ திகனையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் சிமெந்து ஏற்றி இறக்குகிறான். அவன் கட்டிக்கொண்டு வந்தவள் லோஜினி.

காம்பரா இரண்டானாலும் அடுப்பு ஒன்று. காஸ் விலை ஏறிய வருஷத்தில் சிலிண்டர் மூலைக்குப் போனது, இப்போது அதன் மேல் துணி மடித்து வைக்கிறார்கள். கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடியின் மிலாறுதான் விறகு. மழைக்காலத்தில் அது எரிவதைவிடப் புகைவது அதிகம். குசினிக்கு ஜன்னல் கிடையாது. கட்டிய வெள்ளைக்காரன் வைக்க மறந்துவிட்டான், பிறகு வந்தவர்களுக்கும் அந்த ஞாபகம் வரவில்லை.

பாலம்மா வாழ வந்த பிறகு லயத்தில் பிறந்த பிள்ளைகள் இப்போது புத்தகப்பை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறார்கள். அவளுக்கு ஒன்றும் வரவில்லை. ஆஸ்பத்திரி, கோயில், நேர்த்தி எல்லாம் முடிந்து, அந்தப் பேச்சையே அவளும் சந்திரகுமாரும் நிறுத்திவிட்டார்கள். லோஜினியோ வந்து வருஷம் திரும்புவதற்குள் உண்டானாள். நோனா கொடுத்துவிட்டுப் போகிற திரிபோஷா சத்துமாவைத் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுப் பிசைந்து உருண்டை பிடித்துக் கொடுக்கிற வேலை பாலம்மாவுக்கு வந்தது. வாசனை மூக்கைத் துளைக்கும். ஒன்றை வாயில் போட்டுக்கொண்டால் யாரும் கேட்கப் போவதில்லை. போட்டுக்கொள்ள மாட்டாள். எனக்கென்று வந்ததா இது என்று ரோசம்.

அப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனவள், வாழைமர மறைவில் லோஜினி குந்திக்கொண்டு சந்திரகுமாரின் பீடிக்கட்டிலிருந்து எடுத்த பீடியை இழுப்பதைப் பார்த்தாள். வயிறு முன்னால் தள்ளியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாள். பாலம்மாவுக்குக் கோபம் வந்ததா சந்தோஷம் வந்ததா என்று அவளுக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை. எனக்குக் கிடைக்காததை வைத்துக்கொண்டு இவள் என்ன செய்கிறாள் பார் என்று மட்டும் நினைத்தாள். அடுத்த கிளினிக் நாளில் நோனாவின் காதில் ஓதிவிட்டாள்.

நோனா சத்தம் போடவில்லை. லோஜினியைத் தனியே கூப்பிட்டு ஒரு துண்டு எழுதிக் கொடுத்தாள். கண்டியில் கர்ப்பிணிகளுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் புகையை விட உதவுகிற கிளினிக் ஒன்று இருக்கிறதாம், இரண்டு கிழமைக்கு ஒருக்கால் போக வேண்டுமாம். அன்று சாயங்காலம் இளங்கோ தலையைக் குனிந்துகொண்டு அண்ணியிடம் வந்தான்.

"அண்ணி, எனக்கு முதலாளி லீவு குடுக்கமாட்டாரு. நீங்க கூடப் போயிட்டு வாங்க. லயத்துல ஒருத்தருக்கும் தெரியக் கூடாது."

"நான் என்னாத்துக்கு?"

"ஒங்கள விட்டா அவளுக்கு யாரு இருக்கா அண்ணி?"

அவமானப்படுத்தப் போட்ட திட்டம், கண்டிப் பயணமாகவும் கரிசனமாகவும் மாறி லோஜினிக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. போதாததற்கு அவளுக்குத் துணையாகப் பாலம்மா தன்னுடைய ஒரு நாள் பேரையும், அந்த நாள் சம்பளத்தையும், விட வேண்டும்.

இரண்டு பேரும் கண்டிக்குப் புறப்பட்டார்கள். பஸ்ஸில் கர்ப்பிணிக்கென்று ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். பாலம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தாள்.

கிளினிக்கில் எல்லோரும் கவுன்சிலிங் மிஸ் என்று கூப்பிட்ட யோசப்பின், கண்டியிலேயே பிறந்து வளர்ந்தவள். கழுத்தில் மெல்லிய சங்கிலியில் சிலுவை. மேசைக்கு அந்தப் பக்கம் உட்காராமல் கதிரையை இழுத்து இவர்கள் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். லோஜினி பாலம்மாவின் கையை விடவில்லை, அதனால் அவளும் உள்ளேயே இருந்தாள்.

"எப்ப பழகினீங்க லோஜினி?"

"சின்னதுலயே மிஸ். எங்கப்பா வாசல் இஸ்தோப்புல ஒக்காந்துகிட்டு, அடுப்புல பத்த வச்சிட்டு வான்னு பீடியக் குடுப்பாரு. நெருப்புல காட்டுனா மட்டும் பத்தாதுங்களே. ஒரு இழுப்பு இழுத்தாத்தான் பத்தும். இழுத்துட்டு ஓடிப் போயிக் குடுப்பேன். பெறகு அது ரெண்டு இழுப்பாச்சி."

"வீட்டுல யாரும் ஒண்ணும் சொல்லலையா?"

"புள்ளைங்கதானே எல்லா வீட்லயும் பத்த வச்சிக் குடுக்குறது. எங்க தம்பியும் அப்படித்தான் பழகுனான். அவன் கடைவாசல்ல நின்னு குடிக்கிறான், யாரும் கேக்கல. நான் ஒளிஞ்சிக்கிட்டுக் குடிக்கணும்." லோஜினிக்கு அழுகை வந்துவிட்டது. "உண்டானதுல இருந்து விடணும்னுதான் பாக்குறேன் மிஸ். முடியல. கை நடுங்குது. அவருகிட்ட எரிஞ்சி விழுறேன்."

"அது உங்க குணமில்ல. உடம்பு கேக்குது, அவ்வளவுதான். நாம அத ஏமாத்தப் போறோம்."

யோசப்பின் கைக்குள் அடங்குகிற ஒரு மெஷினை எடுத்தாள். மூச்சைப் பிடித்து மெதுவாக ஊத வேண்டும். உள்ளே புகை போயிருந்தால் சிவப்பு விளக்கு எரியும், குறைந்தால் மஞ்சள், இல்லாவிட்டால் பச்சை. லோஜினி ஊதினாள். சிவப்பு. யோசப்பின் முகம் சுளிக்கவில்லை. தோல் நிறத்தில் ஒரு சதுரப் பிளாஸ்டரைக் காட்டி, இதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நிக்கொட்டின் உடம்புக்குள் போகும், பீடிப் புகையின் மற்ற விஷமெல்லாம் போகாது, டொக்டர் பார்த்துத்தான் கொடுக்கிறார், காலையில் ஒட்டி இராத்திரி படுக்கும்போது கழற்றிவிட வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னாள். பிறகு லோஜினியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, என்ன சாப்பிடுகிறாள், எப்படித் தூங்குகிறாள், யாரை நினைத்துப் பயப்படுகிறாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

பாலம்மா பார்த்துக்கொண்டேயிருந்தாள். அவள் வாழ்க்கையில் யாரும் அவளிடம் இப்படிக் கேட்டதில்லை. கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்று. விசேஷம் ஏதும் உண்டா? நெஞ்சு எரிந்தது. திரிபோஷாவைக் கொடுத்தார்கள், சரி. பஸ்ஸில் இடம் கொடுத்தார்கள், சரி. இதையுமா கொடுக்க வேண்டும்?

"வீட்டுல வேற யாராவது குடிக்கிறாங்களா?" யோசப்பின் கேட்டாள். "கூட இருக்கிறவங்களும் விட்டா இவங்களுக்கு லேசா இருக்கும்."

உண்மையில் குடிக்கிறவன் சந்திரகுமார். அவன் பெயர் நாக்கு நுனிவரை வந்தது.

"நான் குடிக்கிறேன் மிஸ்," என்றாள் பாலம்மா.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. லோஜினி திரும்பிப் பார்த்தாள். யோசப்பின் மெஷினுக்குப் புதுக் குழாய் மாட்டி நீட்டினாள். இதோடு மாட்டிக்கொண்டோம் என்று பாலம்மா ஊதினாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

பாலம்மா திகைத்துப் போனாள். பொய் சொன்னவளுக்கு மெஷின் சாட்சி சொல்கிறது. யோசப்பின் லோஜினியை மருந்து வாங்கும் இடத்துக்கு அனுப்பிவிட்டுக் கதிரையைப் பாலம்மாவின் பக்கம் திருப்பினாள்.

"சொல்லுங்க பாலம்மா. எந்த நேரத்துலதான் ரொம்பத் தோணும்?"

பீடி எப்போது தோன்றும் என்று பாலம்மாவுக்கு என்ன தெரியும்? ஆனால் மனசு கேட்காமல் தவிக்கிற நேரம் எது என்று தெரியும்.

"பொழுது சாயிற நேரம் மிஸ். புள்ளமடுவத்துல இருந்து எல்லாரும் அவங்கவங்க புள்ளைய இடுப்புல வச்சிக்கிட்டுப் போவாங்க. நான் கொழுந்து நிறுத்துட்டு வெறுங்கையோட வருவேன். அப்ப."

"ஒடம்புல எங்க தெரியும்?"

"இங்க." நெஞ்சுக்குழியைத் தொட்டுக் காட்டினாள். "எரியும். பக்கத்துல ஒருத்தி சிரிச்சான்னா இன்னும் கூடும்."

"அந்த நேரம் என்ன செய்வீங்க?"

"பல்லக் கடிச்சிக்கிட்டு அடுப்ப ஊதுவேன்."

"வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"அவரு கேக்கமாட்டாரு. நானும் சொல்றதில்ல."

யோசப்பின் கதிரையை இன்னும் கிட்ட இழுத்தாள். "அது வரும்போது சண்டை போடாதீங்க. ஒரு கப் தண்ணி எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக் குடிங்க. அது ஏறும், பெறகு தானா எறங்கும். எறங்குற வரைக்கும் தண்ணி. அடுத்த முறை வந்து எனக்குச் சொல்லணும், சரியா?"

டொக்டரைக் கண்டு பாலம்மாவுக்கும் பிளாஸ்டர் கிடைத்தது. தலை சுற்றினாலோ வாந்தி வந்தாலோ உடனே கழற்றச் சொன்னார்கள். பஸ்ஸில் லோஜினி அவள் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"அக்கா, நீங்களும் குடிக்கிறீங்கன்னு தெரியாமப் போச்சே. நான் ஒருத்திதான் இப்படின்னு செத்துக்கிட்டிருந்தேன்."

"தூங்கு," என்றாள் பாலம்மா எரிச்சலாக.

பிளாஸ்டரை அவள் ஒட்டவில்லை. அலுமாரியில் கல்யாணச் சேலைக்குக் கீழே வைத்தாள். மெஷின் ஏன் அப்படிச் சொன்னது என்பது மட்டும் புரியாமலிருந்தது. ஒரு காலை, ஈர மிலாறு பற்றாமல் ஊதாங்குழலால் ஊதி ஊதி, கண்ணெல்லாம் எரிந்து இருமியபோது சட்டென்று புரிந்தது. பீடி இழுக்கிறவளுக்கு மூச்சில் புகை. விடியலிலும் பொழுது சாய்ந்தும் இதற்குள் முகத்தை வைத்துக்கொண்டிருக்கிறவளுக்கு வேறென்ன இருக்கும்? அவளுக்குச் சிரிப்பு வந்தது. இந்த வீட்டில் தனக்கென்று இருக்கிற ஒரே பங்கு இதுதான் என்று நினைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

இரண்டாவது தடவை போனபோது லோஜினிக்குப் பச்சை எரிந்தது. பிள்ளைத்தாய்ச்சி என்று அவளைக் குசினிப் பக்கமே விடாமல் வைத்திருந்தார்கள், பீடியையும் தொடவில்லை, வேறெப்படி எரியும்? யோசப்பின் கையைத் தட்டினாள். லோஜினி சின்னப் பிள்ளை போலச் சிரித்தாள். பாலம்மாவுக்குச் சிவப்பு. அந்தப் பச்சையைப் பார்த்தும் பாலம்மாவுக்கு வயிறெரிந்தது.

"பரவாயில்ல பாலம்மா. எல்லாருக்கும் ஒரே நேரத்துல வராது. பிளாஸ்டர் ஒட்டுறீங்களா?"

"ஒட்டுறேன் மிஸ்."

தன்னை மனுஷியாக வைத்து ஒரு வார்த்தை கேட்கிற ஒரே ஆளிடம் பொய் சொல்லிவிட்டோமே என்று அவளுக்கு உறுத்தியது. அந்தப் பொய்யையாவது உண்மையாக்கலாம் என்று மறுநாள் காலை ஒன்றை எடுத்து இடுப்பில், சேலை மறைக்கிற இடத்தில் ஒட்டிக்கொண்டு மலைக்குப் போனாள்.

மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. நக்கிள்ஸ் மலை இருந்த இடமே தெரியவில்லை. காலில் அட்டை ஏறியதைக்கூடக் குனிந்து எடுக்க முடியாமல் தலை சுற்றியது. கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தேயிலைத் தூரில் கவிழ்ந்து வாந்தியெடுத்தாள். பக்கத்து நிரையில் நின்றவள் அடுத்த காம்பரா பாப்பம்மா. லயத்துச் செய்தியெல்லாம் அவளிடமிருந்துதான் புறப்படும்.

"என்னாடி பாலம்மா?"

"ஒண்ணுமில்ல. ரொட்டி சேரல."

"ரொட்டியா? நாலு பெத்தவகிட்டயா சொல்ற? மொகம் வெளுத்துக் கெடக்கு, மயக்கம், வாந்தி. குளிச்சி எவ்வளவு நாளாச்சி?"

பாலம்மா கணக்குப் பார்த்தாள். தள்ளித்தான் போயிருந்தது. அவளுக்கு எப்போதும் கொஞ்சம் முன்பின்னாகத்தான் வரும். ஆனாலும் ஒரு நிமிஷம் உடம்பு சிலிர்த்துப் போனது. பிளாஸ்டர் ஞாபகத்துக்கு வந்தது, அதை மனசு ஓரமாகத் தள்ளியது. இருந்தாலும் இருக்கலாமே.

கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு அவள் வந்து சேர்வதற்குள் பேச்சு முந்திக்கொண்டது. சந்திரகுமார் ஸ்டோரிலிருந்து ஓடி வந்தான். தேயிலை வாடை அடிக்கிற கையால் அவள் முகத்தைத் தொட்டான். சுற்றி நிற்கிறவர்கள் பார்க்கிறார்களா என்று பார்க்காமலே தொட்டான்.

"நெசமா?"

"தெரியாதுங்க. ஒருத்தர்கிட்டயும் சொல்லாதீங்க. மூணு மாசம் போகட்டும்."

"சொல்லல. நான் யாருகிட்ட சொல்லப் போறேன்?" என்றவன் அன்றே பன்விலவுக்கு இறங்கி ஒரு பை தோடம்பழம் வாங்கி வந்தான். வழியில் கண்ட எல்லோருக்கும் எதற்கென்று சொல்லியிருந்தான். அடுத்த ஞாயிறு தங்கள் காம்பராவின் குறுக்குச் சட்டத்தில் தொட்டில் கொக்கி ஒன்றை அடித்து, தன் முழுப் பாரத்தையும் போட்டுத் தொங்கிப் பார்த்தான்.

பாலம்மாவை யாரும் அடுப்புப் பக்கம் விடவில்லை. முதல் மூன்று மாசம் குனியக் கூடாது, தூக்கக் கூடாது என்று பாப்பம்மா சட்டம் போட்டாள். லோஜினிக்கு அந்த மாசங்கள் தாண்டிவிட்டதால் குசினி அவள் கைக்குப் போனது. "எனக்கென்னக்கா, நான் பாத்துக்குறேன்," என்று சொல்லத்தான் செய்தாள். ஆனால் தோடம்பழம் அண்ணி பக்கம் போவதையும், இளங்கோகூட வீட்டுக்குள் நுழைந்ததும் அண்ணியை விசாரிப்பதையும் பார்த்து, சட்டியை இறக்கி வைக்கிற சத்தத்தில் அவள் தன் மனசைக் காட்டினாள். பாலம்மாவுக்கு அந்தச் சத்தம் இனித்தது. காலை நீட்டி உட்கார்ந்து, லோஜினி இருமிக்கொண்டே அடுப்பூதுவதைக் கேட்டபடி தோடம்பழம் உரித்துத் தின்றாள்.

பிறகு ஒரு விடியலில் அவள் குளித்துவிட்டாள். பீலியில் யாரும் வருமுன் துணியை அலசி, கல்லில் உட்கார்ந்து சத்தம் வராமல் அழுதாள். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். உள்ளே போனபோது சந்திரகுமார் தூக்கத்தில் கையை நீட்டி அவள் வயிற்றைத் தேடினான். விடிந்ததும் அவள் அலுமாரியைத் திறந்து இன்னொரு பிளாஸ்டரை எடுத்து ஒட்டிக்கொண்டாள். இப்போது அவளுக்கு வாந்தி தேவைப்பட்டது.

மூன்றாவது தடவை இளங்கோ லீவு போட்டுக்கொண்டு வந்தான். மனைவி பீடியை விட்டதை அவனும் கண்ணால் பார்க்க வேண்டுமாம். புதுச் சட்டை போட்டிருந்தான். பஸ்ஸில் இரண்டு பெண்களுக்கும் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டுப் பெருமையாக நின்றுகொண்டு வந்தான்.

யோசப்பின் முதலில் பாலம்மாவை ஊதச் சொன்னாள். பச்சை.

"பாலம்மா! பாத்தீங்களா? விட்டுட்டீங்க!" யோசப்பின் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினாள். இப்படி ஒரு பாராட்டுக்குத்தான் பாலம்மா இத்தனை நாள் ஏங்கியது.

லோஜினி சிரித்துக்கொண்டே ஊதினாள். சிவப்பு எரிந்தது.

"இன்னொரு தரம்," என்றாள் யோசப்பின். மறுபடியும் சிவப்பு. யோசப்பினின் குரல் மாறாமல்தான் இருந்தது. "பரவாயில்ல லோஜினி. இது நடக்கிறதுதான். எப்ப மறுபடி தொடங்கினீங்க?"

"நான் தொடல மிஸ்."

"திட்டமாட்டேன். சொன்னாத்தான் ஒதவி செய்யலாம்."

"சத்தியமாத் தொடல மிஸ்! மாரியம்மா மேல ஆணை!"

இளங்கோ எழுந்துவிட்டான். "மெஷின் பொய் சொல்லுதா? அண்ணியும் ஒங்கூடத்தான் வந்தாங்க. அவங்க விடலையா? ஒனக்கு எம் புள்ளையவிட அந்தப் பீடி பெருசாப் போச்சில்ல?"

"இல்லீங்க..."

"பேசாத. இதுக்கு மேல ஒரு நாளு அந்த வீட்ல வச்சிருக்கமாட்டேன். ஒங்கப்பன்தான பழக்குனான், அங்கயே போயிப் பத்த வச்சிக் குடுத்துக்கிட்டு இரு. புள்ளயப் பெத்துட்டு வா. புள்ள நல்லா இருந்தாப் பாக்கலாம்."

"தம்பி, கொஞ்சம் உட்காருங்க," என்றாள் யோசப்பின். அவன் உட்காரவில்லை. லோஜினி பாலம்மாவைப் பார்த்தாள். "அக்கா, நீங்க சொல்லுங்கக்கா. நான் குடிச்சிப் பாத்தீங்களா? நீங்க கூடவே இருக்கீங்களே."

பாலம்மா கதிரையின் ஓரத்தில் இருந்தாள். நாலு பேர் முன்னால் லோஜினி தலைகுனிந்து நிற்க வேண்டும், தான் ஓரமாக இருந்து பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டாளே, அது அப்படியே நடந்துகொண்டிருந்தது. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். லோஜினி போய்விடுவாள். வீட்டில் அந்த வயிறு இருக்காது. சந்திரகுமார் இருப்பான், தோடம்பழம் இருக்கும், கொக்கி இருக்கும். எத்தனை நாளைக்கு? அதை நினைக்க அவள் விரும்பவில்லை.

லோஜினி கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினாள். புறங்கையில் அடுப்புக் கரி ஒட்டியிருந்தது. காலையில் ரொட்டி சுட்ட கரி. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று கழுவாமல் வந்திருக்கிறாள். அண்ணிக்காகச் சுட்ட ரொட்டி அது.

"அவ குடிக்கல மிஸ்," என்றாள் பாலம்மா. "நானும் குடிக்கல. ஒரு நாளும் குடிச்சதில்ல."

யோசப்பின் திரும்பினாள்.

"மொதல்ல எனக்குச் செவப்பு எரிஞ்சிச்சில்ல? அது அடுப்பு மிஸ். அப்ப நான் ஊதுனேன். இப்ப அடுப்ப அவ ஊதுறா. அதான் அவளுக்குச் செவப்பு, எனக்குப் பச்ச. எங்க குசினிக்கு ஜன்னல் இல்ல. ஈர மிலாறு. வந்து பாத்தீங்கன்னா ஒங்களுக்கும் செவப்புத்தான் எரியும்."

பாலம்மா இடுப்பில் கைவிட்டுப் பிளாஸ்டரை உரித்து மேசையில் வைத்தாள்.

"அப்ப இத ஏன் ஒட்டுனீங்க அண்ணி?" என்றான் இளங்கோ. கேட்ட பிறகு அவனுக்கே ஏதோ பிடிபட்டது. "ஒங்களுக்குத் தலசுத்து, வாந்தி..."

"இதுதான். வேற ஒண்ணுமில்ல."

இளங்கோ மெல்ல உட்கார்ந்தான். யோசப்பின் பிளாஸ்டரையும் பாலம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். "வீட்டுச் சமையல் எதுலன்னு நான் முதல் நாளே கேட்டிருக்கணும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு லோஜினியின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டாள். அடுப்புப் புகையும் பிள்ளைக்கு ஆகாது என்று இளங்கோவுக்குச் சொன்னாள். வெளியே வரும்போது பாலம்மாவை மட்டும் நிறுத்தினாள்.

"எங்கிட்ட அன்னைக்குச் சொன்னதெல்லாம்?"

"பீடி மட்டுந்தான் பொய் மிஸ்."

"அப்ப நீங்க வரணும்."

"நான் குடிக்காதவ. எனக்கு இங்க என்னா வேலை?" என்று சொல்லிவிட்டுப் பாலம்மா படியிறங்கினாள்.

பஸ்ஸில் லோஜினி அவள் கையைப் பிடித்தாள். பாலம்மா உருவிக்கொண்டாள்.

"ஒண்ணும் சொல்லாத. நோனாகிட்ட ஒன்னப் பத்திச் சொல்லிக் குடுத்ததே நாந்தான். ஒம்மேல எனக்கு இன்னும் எரிச்சல்தான் இருக்கு."

லோஜினி புறங்கையில் இருந்த கரியைத் துடைத்தாள். "எனக்கும் ஒங்க மேல இருந்திச்சிக்கா. தோடம்பழத்துக்கு," என்றாள்.

வீட்டில் சந்திரகுமார் வேலை முடிந்து குளித்துவிட்டு இஸ்தோப்பில் இருந்தான். பாலம்மா உட்காரவில்லை. நின்றபடியே, ஒன்றையும் மறைக்காமல், வாழைமர மறைவில் தொடங்கி மேசையில் உரித்து வைத்த பிளாஸ்டர்வரை சொன்னாள். அவன் முகம் சுருங்கிக்கொண்டே போவதைப் பார்த்தும் நிறுத்தவில்லை. அவன் பீடியை எடுத்தான், பற்ற வைக்கவில்லை.

"லயத்துக்கு என்னா சொல்றது?" என்றான் கடைசியில். "தங்கலன்னு சொல்லிருவோம்."

"இல்லாததத் தங்கலன்னு சொல்லாதீங்க. பாப்பம்மாகிட்ட நானே போயிச் சொல்றேன். சிரிக்கட்டும்."

அவன் எழுந்து உள்ளே போனான். முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, கொக்கியில் கை வைத்தான்.

"அதக் கழட்டாதீங்க," என்றாள் பாலம்மா. "அவ புள்ளைக்கு ஆகும். பகல்ல புள்ள இங்கதான் தூங்கணும். அவ காம்பராவுல இல்ல. இங்க."

சுவருக்கு அந்தப் பக்கத்தில் இளங்கோ என்னவோ சொல்ல, லோஜினி சிரித்தாள். பாலம்மாவுக்கு நெஞ்சுக்குழியில் அது கிளம்பியது. அவள் குசினிக்குப் போய் ஒரு கப் தண்ணீர் எடுத்து வந்து, வாசல் படியில் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தாள். ஏறியது. இன்னும் ஏறியது. தண்ணீர் பாதிக்கு வந்த பிறகுதான் இறங்கத் தொடங்கியது.

சந்திரகுமார் முக்காலியிலிருந்து இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். கொக்கி அங்கேயே இருந்தது.

"என்னா அது, தண்ணியப் போயி மருந்து மாதிரிக் குடிக்கிற?"

"மிஸ் சொன்னாங்க."

"அந்த மிஸ்கிட்ட வேற என்னாத்த எல்லாம் பேசுன?"

"எல்லாத்தையும்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னதில்ல. எவளோ ஒருத்திகிட்ட எல்லாத்தையும் சொல்லியிருக்க." அவன் குரலில் கோபத்தைவிட வேறொன்று இருந்தது. பாலம்மாவுக்கு அது என்னவென்று உடனே தெரிந்தது. அதோடுதானே அவள் இத்தனை வருஷம் குடும்பம் நடத்துகிறாள்.

"நீங்க கேக்கல," என்றாள்.

அவன் கையிலிருந்த பீடியை உருட்டிக்கொண்டேயிருந்தான். தண்ணீர் முடிந்துவிட்டது. அவள் எழப் போனாள்.

"மறுபடி எப்ப வரச் சொன்னாங்க?"

"ரெண்டு கெழமையில. என்னையும் வான்னாங்க. எனக்கு என்னா? நாந்தான் குடிக்கிறதில்லையே. குடிக்காதவ எந்த மொகத்தோட போயி ஒக்காருறது?"

சந்திரகுமார் பீடியைக் கட்டோடு சேர்த்து வைத்துக் கட்டை அவள் மடியில் போட்டான்.

"நான் குடிக்கிறேன்ல," என்றான். "நான் வந்து ஊதுறேன். நீ பேசு."